பன்னிரண்டரை மணிப் புழு

காற்புள்ளி அளவே இருந்த உருளைப்புழுவின் தலைக்குள், வாசனை அறியும் ஒரே ஒரு நரம்பணுவை, அது தூண்டப்பட்டுக் கால்சியம் ஏறும்போதெல்லாம் பச்சையாக ஒளிரும்படி செய்திருந்தார்கள். அது தினமும் சரியாகப் பகல் பன்னிரண்டரைக்கு ஒளிர்ந்தது. புழுவுக்கு மணி தெரியும் என்று ஆய்வு மாணவி பூங்கோதை நாற்பது பக்கம் எழுதிவிட்டாள். அதைச் சரிபார்க்க இன்று பேராசிரியர் எபனேசர் வந்து நுண்ணோக்கியில் கண்ணை வைத்தார். பன்னிரண்டே முக்கால் ஆகியும் நரம்பணு இருண்டே கிடந்தது.

"செத்துப்போச்சாம்மா?"

"இல்ல சார், வாலாட்டுது."

பூங்கோதையின் பார்வை பக்கத்து மேசைக்குப் போனது. தினமும் பன்னிரண்டரைக்கு மேசைக்கடியில் நெய்ச்சோற்று டப்பாவைத் திறக்கும் ஜமீலா, இன்று புத்தகம் படித்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடலையாடி?" என்று மெல்லக் கேட்டாள்.

"இன்னிக்கு முதல் நோன்பாச்சே."

பேராசிரியர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "புழுவுக்குமா?"