அதிகாரியின் அவசரம்

மின்விசிறி கடகடக்கும் பள்ளிக்கூடத்தில் மாவட்டக் கல்வி அதிகாரி பெற்றோருக்கு அறிக்கை வாசிக்கிறார். பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர் வேறு குடிக்கிறார். "எல்லாப் பள்ளிகளிலும் கழிப்பறைகளுக்குக் கதவு பொருத்தப்பட்டுவிட்டது" என்றதும் மூன்றாம் வரிசையில் தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்கிறது. இங்கே கதவில்லாததால்தான் அவள் மகள் காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. கேள்வி கேட்கக் கையைத் தூக்கித் தூக்கித் தையல்காரம்மாவுக்குத் தோள் வலிக்கிறது. "கேள்வியெல்லாம் கடைசியிலம்மா" என்கிறார் அதிகாரி. பன்னிரண்டாம் பக்கத்தில் அவருக்கே வாசிப்பு தடுமாறுகிறது. குனிந்து தலைமையாசிரியர் காதில் ஏதோ கேட்கிறார். தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. இருவரும் பின்வாசல் வழியே விரைய, தையல்காரம்மாவும் விடாமல் பின்னாலேயே போகிறாள். கொல்லையில் வெயில் காய்கிற மூன்று கழிப்பறைகளிலும் துருப்பிடித்த கீல்கள் மட்டும் தொங்குகின்றன. அதிகாரி கால் மாற்றிக் கால் மாற்றி நிற்கிறார்.

"கதவு எங்கய்யா?"

"உங்க அறிக்கையில இருக்கு சார்" என்கிறாள் தையல்காரம்மா.

"அம்மா, யாரும் வராம கொஞ்சம் பாத்துக்குங்க."

"பாத்துக்கிறேன் சார். எங்க பொண்ணுங்களும் இப்படித்தான் ஒருத்திக்கு ஒருத்தி காவல் நிக்குது. கதவு என்னைக்கு வரும்னு மட்டும் எழுதிக் குடுத்திடுங்க."

அறிக்கையின் பின்பக்கத்தைச் சுவரில் வைத்து அவர் கிறுக்கித் தருகிறார். அவள் எழுத்துக்கூட்டி, நிதானமாகப் படிக்கிறாள்.

"சீக்கிரம்னு போட்டிருக்கீங்க. தேதி போடுங்க சார்."

போடுகிறார்.

"கையெழுத்து?"

அதையும் வாங்கி நாலாக மடித்துக்கொண்ட பிறகுதான் அவள் முதுகைக் காட்டித் திரும்பி நிற்கிறாள்.