கரு கூடாத முட்டை

"ஒரு பொட்டலத்துல நல்ல முட்டை. இன்னொண்ணுல கரு கூடாத முட்டை. ரெண்டும் கலந்துறாம கட்டிக் குடுங்க தம்பி."

பாப்பாயி கேட்டதும் கைலாசத்தின் கை அப்படியே நின்றுவிட்டது.

எருமப்பட்டியில் அவர் நடத்துவது சின்னக் குஞ்சு பொரிப்பகம். இரண்டே மெஷின். நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்க வருகிறவர்கள் உண்டு. வீட்டுக் கோழிக்கு அடை வைக்க முட்டை மட்டும் வாங்கிப் போகிறவர்களும் உண்டு. பொரிக்காத முட்டையாகப் பார்த்து யாரும் கேட்டதில்லை. டார்ச் அடித்துப் பார்த்து, கரு தெரியாதவற்றை அவர் தனியாக ஒதுக்கி வைப்பார். மீன் பண்ணைக்காரர் வந்து அள்ளிப் போவார்.

அதுவும் கேட்டது பாப்பாயி.

அந்தம்மாளின் கைராசி சுற்றுப்பட்டில் பிரசித்தம். கூடையில் மணலைப் பரப்பி முட்டையை அடுக்கி, இடிச் சத்தத்துக்குக் கெட்டுப் போகாமலிருக்க ஓர் இரும்பு ஆணியும் கரித்துண்டும் போட்டுக் கோழியை உட்கார வைத்தால், ஒன்றுகூடத் தப்பாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் தங்கள் கூடையைத் தூக்கிவந்து அந்தம்மாள் கையால் வைத்து வாங்கிப் போவார்கள். சூட்டையும் ஈரத்தையும் அளந்து அளந்து வைத்தும் நாலில் ஒன்றைப் பறிகொடுக்கிற கைலாசத்துக்கு, அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் சன்னதியில் நிற்பது போலிருக்கும்.

"கரு கூடாதது எதுக்குங்க அக்கா?"

"ஊட்டுல ரெண்டு கோழி அடைக்கு உக்காந்திருக்குதுங்க. ஒண்ணுக்கு நான் வெக்கறேன். இன்னொண்ணுக்கு மருமவ வெக்கட்டும். தெருவே வந்து பாக்கட்டும்."

அதற்குமேல் அந்தம்மாள் சொல்லவில்லை. கைலாசத்துக்குச் சொல்லவும் வேண்டியிருக்கவில்லை.

மருமகள் சுகன்யாவைப் பற்றி அவர் மனைவி மைதிலி சொல்லியிருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பெண் வைத்த அடை மொத்தமும் கூமுட்டையாகிப் போனது. இன்னும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தெரு இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. சமீபத்தில் ஒரு வளைகாப்பில், வளையல் போட வரிசையில் நின்றவளைத் தாண்டி அடுத்தவளிடம் தட்டு போய்விட்டதாம். மாமியார் கை எப்பேர்ப்பட்ட கை, மருமகள் கையைப் பார் என்று அவள் காதுபடவே ஒருத்தி சொன்னாளாம்.

இப்போது மாமியாரே ஊரைக் கூட்டிவைத்து அவளை ஒரேயடியாகத் தலைகுனிய வைக்கப் பார்க்கிறாள். இத்தனை ராசியான கைக்குள் இப்படி ஒரு மனசா என்று கைலாசத்துக்கு ஆறவில்லை.

உள்ளே போனார். இரண்டு பொட்டலத்திலும் நல்ல முட்டைகளாகவே பொறுக்கி வைத்தார். வெளியே பார்க்க எல்லாம் ஒன்றுதான். ஒரு பொட்டலத்தில் மட்டும் சிவப்புக் கயிற்றைக் கட்டி, "இது கரு கூடாததுங்க" என்று கொடுத்தார்.

பொய் சொல்லிவிட்டோமே என்று சாயந்திரம்வரை மனசு அரித்தது. மைதிலியிடம் சொன்னார்.

"மாமியான்னா நம்ம மெஷின் மாதிரிங்க. கரண்டு போனாலும் சூடு எறங்காது," என்றாள் அவள். "நீங்க செஞ்சது சரி."

அடை முடிந்தது. இரண்டு கூடையும் நிறையப் பொரித்துவிட்டதாக மைதிலிதான் சேதி கொண்டுவந்தாள்.

அன்று கைலாசத்தின் மெஷினிலும் பொரிப்பு. ஓட்டுக்குள்ளிருந்து ஒரு குட்டி மூக்கு தட்டித் தட்டி வழி திறப்பதை, இத்தனை வருஷம் கழித்தும் அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்ப்பார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அதற்கு என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும். அன்றைக்கு, சுகன்யாவின் கூடையில் அது நடக்கத் தாமும் ஒரு காரணம் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

மறுநாள் பாப்பாயி வந்து நின்றாள்.

"ரெண்டு கூடையும் பொரிச்சிருச்சுங்க. என்னைய ஏமாத்திப்புட்டீங்க." குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. "போகுது. பக்கத்தூட்டுல ரெண்டு கோழி அடைக்கு நிக்குது, வாங்கியாந்திருக்கறேன். அதே மாதிரி ரெண்டு பொட்டலம் கட்டுங்க. இந்த வாட்டி நாங் கேட்டதக் குடுங்க சாமி."

கைலாசத்துக்குப் பொறுக்கவில்லை.

"அந்தப் புள்ள வெச்சது ஒண்ணு விடாம பொரிச்சிருக்குதுங்க அக்கா. இன்னமும் அவளை விட மாட்டீங்களா?"

"பொரிச்சு என்ன பண்றதுங்க? தெருவுல பேசறதக் கேட்டீங்களா? பாப்பாயி இருக்கற ஊடு, அவ ராசியிலதான் மருமவ வெச்சதும் பொழைச்சுதுங்கறாங்க. அவளுக்கு வர வேண்டிய பேரும் எனக்கே வந்துருச்சு."

கைலாசத்துக்கு ஒரு நிமிஷம் எதுவும் பிடிபடவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப, அந்தக் கரு கூடாத முட்டை..."

பாப்பாயி தன் வலது கையைத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

"அது என்ற கூடைக்குங்க தம்பி. ஊரு பாக்க ஒருக்கா இந்தக் கை தோத்தாத்தான், அவ கைய நம்புவாங்க."