இரண்டு ஆச்சரியக்குறிகள்

"இங்க பாரேன், 'தினம் ஒரு சாக்லேட்... இதயத்துக்குக் கவசம்!!' பேப்பர்லயே போட்டுட்டான்" என்று கணவர் செய்தித்தாளை நீட்டினார்.

அவருக்குச் சர்க்கரை ஏறியதிலிருந்து அலமாரிச் சாவி மனைவியிடம்தான்.

"டாக்டர் கூடாதுன்னாரே?"

"அது போன மாசம். இது இன்னிக்கு வந்த ஆராய்ச்சி. விஞ்ஞானிங்க சும்மா சொல்வாங்களா?"

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு செய்தியைக் கடைசி வரை படித்தாள். எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். அவருக்கு வாயெல்லாம் பல்.

தட்டில் கடுகளவு சாக்லேட் வந்தது.

"என்னது இது?"

"எலிக்கு உண்டான அளவு. ஆராய்ச்சி பண்ணினது எலியை வச்சுத்தான்னு கடைசி வரியில இருக்கே."

"கடைசி வரியெல்லாம் யாரு படிக்கிறா!"

"தலைப்புக்கு ரெண்டு ஆச்சரியக்குறி போடுற ஆளு உங்க பத்திரிகையில நீங்க ஒருத்தர்தானே? போட்டதுதான் போட்டீங்க, அந்தக் கடைசி வரியையும் வெட்டியிருக்கலாம்ல?"

அந்தப் பத்திரிகையின் உதவி ஆசிரியர் தலையைச் சொறிந்தார்.

"வெட்ட மனசு வரலை."

அவள் சிரித்துவிட்டாள். இன்னொரு துண்டை உடைத்துத் தட்டில் வைத்தாள். இது கொஞ்சம் பெரியது.

"இது அந்த மனசுக்கு."