நன்றி சொல்லும் முறை

சிபாரிசுக் கடிதம் எழுதித் தந்த பேராசிரியருக்கு எப்படி நன்றி சொல்ல வேண்டும் என்று உமாசங்கர் சார் தனியாக ஒரு வகுப்பே எடுப்பார். பரிசுப் பொருள் கூடவே கூடாது. கையால் எழுதிய ஒரு வாழ்த்து அட்டை, நாலு வரி, அது போதும். கடிதத்தில் என்ன எழுதினீர்கள் என்று கேட்பது அநாகரிகம். இடம் கிடைத்ததும் நேரில் வந்து சொல்ல வேண்டும். "வெளிநாட்டுல இதுதான் பண்பாடு" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடிப்பார்.

சந்தனமாரி அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டவள். பாவம், படிக்கிற பிள்ளை.

இப்போது அவள் மேலகரத்தில் அதே உமாசங்கர் வீட்டு சோபாவில், அப்பா பிச்சையாவுக்குப் பக்கத்தில் கூனிக்குறுகி உட்கார்ந்திருந்தாள். சார் கறுப்பு வேட்டியும் கழுத்தில் ஐயப்பன் மாலையுமாக எதிரே வீற்றிருந்தார். கார்த்திகை மாதம் வந்தால் மனிதர் மகா சுத்தம்.

பிச்சையாவுக்குச் சிவகிரியில் டிராக்டர் உதிரிபாகக் கடை. எந்த ஆபீசுக்கும் வெறுங்கையோடு போய்ப் பழக்கமில்லாதவர். இன்றைக்கும் தென்காசி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் காரை நிறுத்தி, ஒரு பை நிறைய நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கினார். சிப்ஸுக்கு அடியில் அவர் நகைக்கடைப் பெட்டி ஒன்றைச் சொருகியதை அவள் பார்த்துவிட்டாள்.

"யப்பா, இது லஞ்சம்ப்பா."

"யாரு சொன்னா? இது நன்றி. நீ சும்மா வாட்டி."

கனடாவில் இரண்டு பல்கலைக்கழகம், ஆஸ்திரேலியாவில் ஒன்று. மூன்றுக்கும் ஆராய்ச்சி வழிகாட்டியான உமாசங்கரின் கடிதம் இல்லாமல் ஆகாது. அது அவரிடமிருந்து நேரே அங்கே போய்விடும், அவள் கண்ணில் படாது. அதில் ஒரு சொல் பிசகினாலும் அவள் இத்தனை வருஷம் முட்டி மோதிப் படித்ததெல்லாம் வீண்.

போன மாதம் வரைக்கும் அப்பாவே குறுக்கே நின்றார். "கடல் தாண்டிப் படிச்சு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போற?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனவர், ஒருநாள் தானாகவே வந்து, "சரி, உங்க வாத்தியார்கிட்ட நானே பேசுதேன்" என்றார். அன்றைக்கு அவள் அழுதே விட்டாள்.

பிச்சையா பொன்னாடையைப் பிரித்தார்.

"இதெல்லாம் எதுக்கு சாமி" என்ற உமாசங்கர், அவர் பிரித்து முடிப்பதற்குள் கழுத்தைக் குனித்துக் கொடுத்திருந்தார். சிப்ஸ் பையை நீட்டியபோது மட்டும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மாலை போட்டிருக்கேன் சாமி. விரதத்துல இதையெல்லாம் கையால வாங்க மாட்டேன். அந்தா, அந்த பீரோ பக்கத்துல வச்சிருங்க."

கைக்கு மட்டும் விரதம். பீரோவுக்கு இல்லை போலிருக்கிறது.

சந்தனமாரி எழுந்து தன் வாழ்த்து அட்டையை இரண்டு கையாலும் கொடுத்தாள். அந்த நாலு வரிக்காக எத்தனை தாளைக் கிழித்துப் போட்டிருப்பாள். அவர் ஒரு வரியும் படிக்கவில்லை. "குட், குட்" என்று டீப்பாயில் போட்டு, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார். இந்த ஆளுக்காகவா வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தோம் என்று அவளுக்கு இருந்தது.

பிச்சையா தொண்டையைச் செருமினார். "நாம பேசுன மாதிரியே எழுதிட்டீயள்லா?"

கேட்கவே கூடாத கேள்வி. அவளுக்கு மானம் போயிற்று. சார் கோபப்படுவார் என்று பார்த்தால், மனிதர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மூணு இடத்துக்கும் அனுப்பியாச்சு சாமி. நீங்க சொன்னதுல ஒரு சொல்லு குறையல. என் சர்வீஸ்ல இப்படி ஒரு கடிதம் யாருக்கும் எழுதினதில்ல."

துறையில் முதல் மதிப்பெண் அவளுடையது. அவள் உழைத்துச் சம்பாதித்த நல்ல பெயரை அவளுக்கே விலைக்கு விற்கிறார் இந்த மனிதர். வாங்க அப்பா வரிந்துகட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடலாம். கையில் போன் இருக்கிறது, ஒரு படம் எடுத்து முதல்வருக்கு அனுப்பினால் இவருடைய பண்பாடு கல்லூரி முழுக்க நாறிவிடும்.

ஆனால் எழுதிய கடிதத்தைத் திரும்பப் பெற அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? கனடாவும் போகும், ஆஸ்திரேலியாவும் போகும். காறித் துப்புவதாக இருந்தாலும் இடம் கிடைத்த பிறகு துப்பிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டாள். அதற்காகத் தன்மேலும் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

வெளியே சாரல். குற்றாலத்துக்கு ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சரணம் போட்டுக்கொண்டு போயின. அப்பா குடையை அவள் பக்கமே சாய்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய வலது தோள் நனைவதைப் பார்த்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. எப்படிச் செய்தால் என்ன, எனக்காகத்தானே செய்கிறார். பிறந்ததிலிருந்து வீட்டில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வார்த்தையை அவள் சொன்னாள்.

"நன்றிப்பா."

பிச்சையா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அப்பனுக்கு எதுக்குட்டி நன்றி? போயி வண்டில ஏறு."

அவள் ஏறி உட்கார்ந்தாள். அவருடைய போன் அடித்தது, சுரண்டை அத்தை. கொஞ்சம் தள்ளிப் போய்த்தான் பேசினார். ஆனால் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும் குரல் அவருக்கு.

"யக்கா, உன் மவனுக்குத் தையிலயே நாளு பாத்துரு, இவ ஆராய்ச்சி பூராவும் அடுத்தவங்கிட்ட திருடுனதுன்னு மூணு எடத்துக்கும் வாத்தியாரு எழுதிப் போட்டுட்டாரு, இனிமே ஒருத்தனும் கூப்பிட மாட்டான்."