கவனம் என்றொரு கட்டம்

உப்பளத்தை ஒட்டிய மைதானத்தில் வெயில் சட்டென்று மங்குகிறது. மாவட்ட ஹாக்கி அணித் தேர்வுக்கு வந்திருக்கும் பதினாறு பெண்களுக்கும் மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கும் பயிற்சியாளர் ஜான்சி, விசிலை வாயில் வைத்தபடியே மேலே பார்க்கிறாள். கடல்மேல் மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பந்தோடு கோலை நெருங்கிவிட்ட மேரிசெல்வியும் அதைப் பார்க்கிறாள். மட்டையைப் போட்டுவிட்டு, வேலியைத் தாண்டி, அம்மா உப்பு வாரும் பாத்தியை நோக்கி ஓடுகிறாள். பந்து தனியே உருண்டு கம்பத்தில் முட்டி நிற்கிறது. “கோல் போடுற நேரத்துல எங்க ஓடுது அந்தப் பொண்ணு?” என்கிறார் சென்னையிலிருந்து வந்திருக்கும் தேர்வுக்குழு உறுப்பினர் அசோகன். “கவனம்னு ஒரு கட்டம் இருக்குது பாருங்க, அதுல ஜீரோ போடுங்க.” ஜான்சியும் ஒரு காலத்தில் மழைக்கு முன்னால் உப்பை மூட இப்படி ஓடியவள்தான். வேகத்துக்குப் பத்து போட்ட அதே வரிசையில் பூஜ்யத்தை எழுதுகிறாள்; அதன்மேல் முதல் துளி விழுந்து மை பரவுகிறது. அசோகன் தாளை வாங்கிக் கையெழுத்திட்டுப் பைக்குள் வைத்துக்கொள்கிறார். அங்கே தாயும் மகளும் ஆளுக்கொரு முனையாகத் தார்ப்பாயை இழுக்கிறார்கள். காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. வெள்ளைக் குவியல் மழையில் சரிகிறது. பிறகு மேரிசெல்வி நனைந்தபடி நடந்தே திரும்பி வருகிறாள், மட்டையை எடுத்துச் சட்டையில் துடைக்கிறாள், விட்ட இடத்திலேயே போய் நிற்கிறாள். “உப்பு கரைஞ்சிடுச்சு மேடம்,” என்கிறாள். “இனிமே எங்கயும் போவ மாட்டேன். விசில் அடிங்க.”