கூம்பு உட்கார்ந்த விதம்

"சேத்துக் காட்டும்மா," என்றார் மேனேஜர்.

அவள் திரையில், சுழலும் தண்டான ஷாஃப்டின் முனையை மவுஸால் தொட்டாள். பிறகு பெல்ட் ஓடும் சக்கரமான புல்லியின் ஓட்டையைத் தொட்டாள். இரண்டின் நடுக்கோடுகளும் ஒன்றாகி நின்றன. கூம்பான முனை கூம்பான ஓட்டைக்குள் வழுக்கிப் போய், சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை மாதிரி உட்கார்ந்துகொண்டது.

கம்ப்யூட்டரில் எல்லாம் உட்காரும். அங்கே எடை கிடையாது, சூடு கிடையாது, விரல் நசுங்காது.

மேஜைக்கு அந்தப் பக்கம், மெஷினில் பாகங்களை மாட்டுகிற பிட்டர் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பத்தொன்பது வருஷமாக ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயர் ரசமட்டம். எட்ட நின்று பார்த்தே எது எந்தப் பக்கம் மயிரிழை சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். கருவி எடுத்து அளப்பவர்கள் அரை நாள் கழித்து அவர் சொன்ன இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள்.

போன வாரம், அவர் மாட்டிய புல்லி ஓட்டத்தில் கழன்று பறந்தது. மெஷின் ஓட்டுகிற பெண்ணின் தோள்பட்டை எலும்பு மூன்றாக உடைந்தது. கழன்ற புல்லியின் ஓட்டைக்குள் அரத்தால் ராவிய தடம் இருந்தது. வரைபடத்தில் அப்படி ராவச் சொல்லி எதுவும் இல்லை.

யாராவது ஒருவர் வேலையை விட்டு வீட்டுக்குப் போயாக வேண்டும்.

"படத்துலயே கோணம் தப்பு சார்," என்றார் பிட்டர். "ஷாஃப்டுல நீல மையத் தடவி உள்ள விட்டுப் பாத்தேன். வாய் ஓரத்துல மட்டும்தான் ஒட்டுச்சு. உள்ள பூரா காத்து. அதான் ராவுனேன்."

"நடுக்கோடு சேருதேய்யா. திரையில தெரியல?"

"அண்டாவுக்கு நடுவுல மூக்குத்திய வெச்சாலும் நடுக்கோடு சேரும் சார். உடம்போட உடம்பு சேரணும்ல."

மேனேஜருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

ஒர்க்‌ஷாப் சுவரில் ஒட்டியிருந்த காகிதப் படத்தைக் காணவில்லை. அரம் தின்ற புல்லியில் பழைய கோணத்தைத் தேட முடியாது. இனித் திரைதான் சாட்சி.

மேனேஜர் விவரம் தெரியாதவர் அல்ல. "அந்த இடிக்கிற சோதனையப் போடும்மா," என்றார்.

ஒன்றுக்குள் ஒன்று எங்கே இடிக்கிறதோ அங்கே சிவப்பாகக் காட்டும் சோதனை அது. கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் ஓட்டையின் வாய் ரத்தமாய்ச் சிவக்கும். சிவந்தால் பழி படத்துக்கு. சிவக்காவிட்டால் அரத்துக்கு.

படம் போட்டவள் அவள்.

பிட்டர் மேஜையில் கையூன்றித் திரைப்பக்கம் குனிந்தார். ஜெயிக்கப் போகிறவரின் முகம். நகக்கண்ணில் நீல மை இன்னும் போகவில்லை.

அவள் மவுஸின் மேல் கை வைத்தாள். அமுக்கினாள்.

சின்ன வட்டம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது.

எதுவும் சிவக்கவில்லை. இடிப்பு பூஜ்யம் என்று எழுதிக் காட்டியது.

பிட்டர் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் இன்னொரு தரம் பார்த்தார்.

"யாரக் கேட்டுய்யா அரத்த எடுத்த?" என்றார் மேனேஜர்.

பிட்டர் அவளைப் பார்த்தார். அவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாரையும் கேக்கல சார். எனக்குத்தான் கொழுப்பு."

வேலையை விட்டுப் போவதாக எழுதிய காகிதத்தில் பிட்டர் கையெழுத்துப் போட நேரமாகவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு மேனேஜர் வெளியே போனார்.

பிட்டர் அவள் நாற்காலிப் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. எனக்குக் கண்ணு போயிருச்சு போல. நான் வந்து கோணம் சரியில்லன்னு உளறப் போயித்தான, ரெண்டு இழுப்பு ராவி மாட்டிருங்கண்ணே, படத்த அப்புறம் பாத்துக்கலாம்னு நீ சொன்ன. உன் பேர நான் இழுக்கல. பயப்படாத."

அவள் தலையை ஆட்டினாள்.

வாசலில் இரண்டே படிகள். கால் வைக்குமுன் பிட்டர் நிலையைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, படி எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார். அதற்கு முன் அவர் பார்த்து இறங்கி அவள் கண்டதில்லை.

அவள் திரையில் இருந்த படத்தை மூடப் போனாள். மூலையில், கடைசியாகத் திருத்திய நேரம் பொடி எழுத்தில் இருந்தது. இன்று காலை ஆறு ஐம்பது.

புல்லியின் கோணத்தில் நான்கு என்று இருந்ததை அழித்து ஐந்து என்று மாற்ற, காலையில் அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்கவில்லை.