பெருமாள்சாமியின் ரத்தம்

பெருமாள்சாமி பர்மனென்ட் ஆவதற்கு மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. ஒரகடம் கம்பெனி ஆஸ்பத்திரி வாசலில், முந்தின வாரம் கொடுத்த ரத்தத்தின் ரிப்போர்ட்டுக்காக உட்கார்ந்திருந்தான்.

"தொப்பையைப் பாத்து பயப்படாத மாப்ள. ரத்தம் பாஸ் ஆயிரும்" என்றான் அறைத் தோழன் மாரிராஜ். அவன் கையில் மூன்றாவது வடை. எத்தனை தின்றாலும் ஒட்டாத உடம்பு.

"சும்மா இருல."

உள்ளே டாக்டர் ரிப்போர்ட்டையும் அவன் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னப்பா, ரத்தம் பால் மாதிரி இருக்கு. சுகர் முந்நூறு. உனக்கு இது வரக்கூடாதே!"

"ஏன் சார்?"

"கொழுப்பைச் சேத்து வைக்கிற செல் உருவாக, உள்ள ரிசப்டர்னு ஒரு சுவிட்சு சிக்னல் குடுக்கணும். குடுக்கலன்னா குடோன் இல்லாத கம்பெனிதான். கொழுப்புச் சரக்கெல்லாம் ரத்தத்துல நிக்கும். மாத்திரை போட்டு அந்த சிக்னலை எழுப்பலாம். விட்டா கணையம் புண்ணாகி உயிருக்கே ஆபத்து. ஆனா இந்த வியாதி இருக்கவங்க எலும்பும் தோலுமா இருப்பாங்க. உனக்குத்தான் குடோன் பெருசா இருக்கே!"

பெருமாள்சாமி ஜன்னல் வழியே வெளியே பார்த்தான். மாரிராஜ் நாலாவது வடையைப் பிட்டுக்கொண்டிருந்தான்.

வாயைத் திறந்தால் வேலை போகும்.

"சார், அன்னைக்கு என் பேருல ரத்தம் குடுத்தது அந்தா நிக்கான் பாருங்க, அந்தப் பயதான். மொதல்ல அவன் கையில இருக்க வடையப் பிடுங்கணும் சார்."